நரகத் தெருவில் வயதான சாமியார்களுக்கு ஒரு வீடு

கேள்வி இது: பிரான்சில் பழைய பெரிய வீடுகள் பல கன்னியர் மடங்களாகி, அப்புறம் முதியோர் இல்லங்களாகவும் ஆகியிருக்கின்றனவே, அது எப்படி நடந்தது, ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து சொல்ல முடியுமா?

முடியும். நான் எடுத்துக்கொள்வது பாரிசின் 14-ஆவது வட்டாரத்தில், தான்ஃபேர்-ரோஷ்ரோ அவென்யூ 92-ஆம் எண்ணில் இருக்கும் மரி-தெரேஸ் இல்லம். 1819-ல் வயதான, நோயாளியான கத்தோலிக்கக் குருக்களுக்காகவும், வசதி இழந்த மேல்குடிப் பெண்களுக்காகவும் தொடங்கப்பட்டது. இன்றும் வயதான குருக்கள்தான் அங்கே இருக்கிறார்கள். இதை எழுத்தாளர் ஷத்தோப்ரியானின் இல்லம் என்றுதான் பலரும் சொல்வார்கள். அவர் அங்கே வாழ்ந்தார், தோட்டம் போட்டார், அதைப் பற்றி அழகாக எழுதினார், எல்லாம் உண்மை. ஆனால் அதை உருவாக்கியது, அதற்காகப் பணம் தேடி அலைந்தது, கடைசியில் அங்கேயே புதைக்கப்பட்டது எல்லாம் அவர் மனைவி செலெஸ்த். அவர் பெயரை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் பின்னணி, ஏனென்றால் இது தெரியாமல் அந்த இல்லம் ஏன் தேவைப்பட்டது என்பது புரியாது. 1789 நவம்பரில் புரட்சி அரசு திருச்சபையின் சொத்து முழுவதையும் நாட்டுடைமை ஆக்கியது. 1790 பிப்ரவரியில் துறவற சபைகளில் சேருவோர் கொடுக்கும் வாக்குறுதிகள் சட்டப்படி செல்லாது என்று அறிவித்தார்கள், மடங்கள் காலியாயின, பல ஏலத்தில் போயின. அதே ஆண்டு ஜூலையில் குருக்களை அரசு ஊழியர் மாதிரி ஆக்கும் சட்டம் வந்தது, அதற்குச் சத்தியம் செய்ய மறுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் ஓடினார்கள், ஓட முடியாதவர்கள் ஒளிந்தார்கள், பிடிபட்டவர்களில் பலர் செத்தார்கள். 1801-ல் நெப்போலியன் போப்பாண்டவரோடு ஒப்பந்தம் போட்டபிறகு திரும்பி வந்தவர்களுக்குப் பங்கில் வேலை கிடைத்தது, சம்பளமும் கிடைத்தது. உழைக்க முடிகிறவரைக்கும் சரி. முடியாமல் போனால்? பிள்ளை குட்டி கிடையாது, முன்பு வயதான சாமியாரை வைத்துப் பார்த்துக்கொண்ட மடங்கள் கிடையாது, குடும்பச் சொத்து இருந்திருந்தால் அதுவும் பெரும்பாலும் போயிருக்கும். 1815-க்குப் பிறகு மன்னராட்சி திரும்பி வந்தபோது பாரிசில் இப்படிப்பட்ட கிழவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களைப் போலவே, ஒரு காலத்தில் வசதியாக வாழ்ந்து எல்லாவற்றையும் இழந்த மேல்குடிப் பெண்களும் இருந்தார்கள். தர்ம ஆஸ்பத்திரியின் பொது வார்டில் போய்ப் படுப்பதற்கு வெட்கப்பட்டு, வாடகை அறையில் பட்டினி கிடந்தவர்கள்.

செலெஸ்த்துக்கு இது கேள்விப்பட்ட விஷயம் இல்லை. 1774-ல் பிறந்தவர், 1792-ல் சேன்-மாலோவில் ஷத்தோப்ரியானுக்குக் கட்டிவைத்தார்கள். பெண் பணக்காரி என்று நம்பி மாப்பிள்ளையின் சகோதரிகள் முடித்த சம்பந்தம், அந்தப் பணம் புரட்சியில் கரைந்துபோனது. கல்யாணமாகிச் சில மாதத்திலேயே கணவர் மன்னர் தரப்புப் படையில் சேர நாட்டைவிட்டுப் போய்விட, ஓடிப்போனவரின் மனைவி என்ற குற்றத்துக்காக 1793-ல் இவரையும் நாத்தனார்கள் ஜூலி, லூசில் இருவரையும் பிடித்து ரென் நகரில் அடைத்தார்கள். அடைத்த இடம் நல்லாயன் இல்லம் என்ற கன்னியர் மடம். அப்போது அது சிறை. கணவரின் அண்ணனை 1794 ஏப்ரலில் கில்லட்டினில் வெட்டினார்கள். மடம் சிறையாக மாறுவதை உள்ளே இருந்து பார்த்த பெண், இருபத்தைந்து ஆண்டு கழித்து ஒரு வீட்டை மடமாக மாற்றினார்.

அவர் 1819-ல் இதைத் தொடங்கியபோது குடும்பத்திடம் காசு இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கணவர் 1816-ல் அரசை விமர்சித்து எழுதியதால் அமைச்சர் பதவிக்குரிய உதவித்தொகை நின்றுபோயிருந்தது. ஆசையாக வாங்கிச் செடி செடியாக நட்டு வளர்த்த வலே-ஓ-லூ வீட்டை 1818-ல் விற்க வேண்டி வந்தது. சொந்த வீடே கைவிட்டுப் போன மறு ஆண்டு, முன்பின் தெரியாத கிழவர்களுக்கு வீடு தேடினார் அந்த அம்மா.

வீடு கிடைத்த தெருவின் பெயர் ரூ தான்ஃபேர், அதாவது நரகத் தெரு. ஏன் அந்தப் பெயர் என்பதற்குப் பல விளக்கம் உண்டு. பக்கத்தில் வோவேர் என்ற பாழடைந்த கோட்டையில் பேய் குடியிருந்தது என்றும், 1257-ல் புனித லூயி மன்னர் அந்த இடத்தைக் கார்த்தூசியத் துறவிகளுக்குக் கொடுத்த பிறகுதான் அது ஓடிப்போனது என்றும் சொல்வார்கள்; மேட்டில் போகும் சேன்-ழாக் தெருவுக்குக் கீழே போகும் தெரு என்ற லத்தீன் சொல்தான் மருவி நரகம் ஆனது என்பது இன்னொரு விளக்கம். பெயர் எப்படியோ, பாரிசிலேயே ஜெபமும் மணியோசையும் அதிகம் கேட்ட பகுதிகளில் ஒன்று அது. கார்த்தூசியர், கார்மெல் கன்னியர், ஒரத்தோரியர் என்று மடத்துக்கு மடம் தோட்டச் சுவர் ஒட்டிக்கொண்டிருக்கும். பதினான்காம் லூயியின் காதலியாக இருந்த லூயிஸ் தெ லா வல்லியேர் 1674-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து சேர்ந்த கார்மெல் மடம் இந்தப் பகுதியில்தான் இருந்தது. 1879 வாக்கில், பிரஷ்யப் போரில் பெல்ஃபோர் நகரைக் காத்த கர்னல் தான்ஃபேர்-ரோஷ்ரோவின் பெயரைத் தெருவுக்கு வைத்தார்கள், காதுக்குப் பழைய பெயர் மாதிரியே கேட்கட்டும் என்று.

மாளிகை என்றதும் நம் மனசில் வெர்சாய் மாதிரி ஒன்று வரும், அப்படி எண்ணவேண்டாம். நகர எல்லையில், வரிச்சாவடி மதிலுக்குப் பக்கத்தில், பெரிய தோட்டத்தோடு இருந்த வசதியான வீடு, அவ்வளவுதான். அங்கே கட்டில்கள் போட்டார்கள், ஒரு சிற்றாலயம் அமைத்தார்கள், பராமரிப்பைப் பிறரன்புச் சகோதரிகள் என்ற கன்னியர் சபையிடம் கொடுத்தார்கள். இப்படித்தான் ஒரு தனியார் வீடு ஒரே நேரத்தில் கன்னியர் இல்லமும் மருத்துவமனையும் முதியோர் இல்லமும் ஆனது, மூன்றும் தனித்தனிக் கட்டம் இல்லை.

இல்லத்துக்கு மரி-தெரேஸ் என்ற பெயர் வந்தது அங்குலேம் கோமகளால். இவர் பதினாறாம் லூயி, மரி அந்துவானெத் தம்பதியின் மூத்த மகள். தாம்ப்ள் சிறையில் அப்பா, அம்மா, அத்தை மூவரையும் கில்லட்டினுக்கு அனுப்பக் கொடுத்து, தம்பியையும் அங்கேயே சாகக் கொடுத்து, 1795 டிசம்பரில் தனியாக உயிரோடு வெளியே வந்தவர். புரட்சியில் எல்லாம் இழந்தவர்களுக்கான இல்லத்துக்கு இவரைவிடப் பொருத்தமான புரவலர் கிடையாது, அரசவையில் இவர் பெயர் சொன்னால் பணப்பையும் திறக்கும். சிற்றாலயத்துக்காகப் புனித தெரேசாவின் ஓவியத்தை பிரான்சுவா ழெரார் வரைந்தார், ஆண்டு 1827. அரச குடும்பத்தையும் நெப்போலியனையும் வரைந்த கை அது.

ஆனால் புரவலர் பெயரை மட்டும் வைத்து ஆஸ்பத்திரி நடத்த முடியாது, மாசாமாசம் செலவு உண்டு. செலெஸ்த் கண்டுபிடித்த வழி சாக்லேட். இல்லத்திலேயே சாக்லேட் தயாரித்து விற்கத் தொடங்கினார், அதுவும் கணவரைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும். அப்போது இளைஞராகவும் ஏழையாகவும் இருந்த விக்தோர் யூகோ இந்த வலையில் மாட்டியதைப் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார்: வழக்கமாகத் தன்னைத் திரும்பியே பார்க்காத அந்த அம்மா ஒருநாள் முகம் மலரச் சிரித்து வரவேற்றாராம், அந்தச் சிரிப்புக்கு மறுப்புச் சொல்ல முடியாமல் வாங்கிய சாக்லேட்டுக்கு 15 பிராங்க் ஆயிற்றாம், அது அவருக்கு அப்போது 20 நாள் சாப்பாட்டுக் காசு. இதைப் படிக்கும்போது எனக்கு செலெஸ்த் மேல் மரியாதைதான் கூடுகிறது. மெலிந்த உடம்பு, அடிக்கடி நோய், வெடுக்கென்று பேசும் நாக்கு, புகழ்பெற்ற கணவரைச் சுற்றி எப்போதும் மற்ற பெண்கள். அந்தச் சூழலில் தன் நேரம் முழுவதையும் அவர் ஊற்றிய இடம் இது. 1822-ல் கணவர் தூதராக லண்டனுக்குப் போனபோதுகூட அவரோடு போகாமல் பாரிசிலேயே இருந்தார். தன் எழுத்தில் இரண்டு வரிகூட மனைவி படித்ததில்லை என்று ஷத்தோப்ரியானே குறிப்பிடுகிறார், ஆனால் அவர் அறிவுக்கூர்மையை மிகவும் மதித்தே அதைச் சொல்கிறார்.

1826-ல் தம்பதி இருவரும் இல்லத்தை ஒட்டிய வீட்டுக்கே குடிவந்துவிட்டார்கள், ரோமில் தூதராக இருந்த 1828–29 இடைவெளி தவிர 1838 வரை அங்கேதான் இருந்தார்கள். இந்தக் காலத்தைப் பற்றி ஷத்தோப்ரியான் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருப்பது எனக்கு மிகப் பிடித்த பகுதி. 23 கேதுரு மரங்களும் 2 ஓக் மரங்களும் நட்டதாகச் சொல்கிறார், தான் சீக்கிரம் போய்விடுவேன், இவை நிற்கும் என்ற உணர்வோடு. கறுப்பு உடையும் வெள்ளைத் தலைத்துணியுமாகக் கன்னியர்கள், உடம்பு தேறிவரும் பெண்கள், வயதான சாமியார்கள், எல்லோரும் ரோஜாச் செடிகளுக்கும் காய்கறிப் பாத்திகளுக்கும் நடுவே மெதுவாக நடந்து திரிவதைக் காட்டுகிறார். அந்தக் கூட்டத்தில் எண்பது வயதைத் தாண்டிய சில குருக்கள், 1790-களில் அவரோடு லண்டனில் அகதியாக இருந்தவர்கள். கென்சிங்டன் புல்வெளியில் ஒன்றாகப் பட்டினி கிடந்தவர்களுக்குத் தன் கடைசிக் காலத்தில் இந்தப் புல்வெளியைத் தர முடிந்தது என்கிறார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் முப்பது நாற்பது ஆண்டுப் பிரெஞ்சு வரலாறு இருக்கிறது.

தோட்டத்தில் ஒரு பூனையும் இருந்தது. பெயர் மிசெத்தோ, வத்திக்கானில் பிறந்தது, போப்பாண்டவர் பன்னிரண்டாம் லியோ தன் அங்கியின் மடிப்பில் வைத்து வளர்த்த பூனை. 1829-ல் அவர் இறந்தபிறகு அது ஷத்தோப்ரியானோடு பாரிசுக்கு வந்துவிட்டது.

1830 ஜூலையில் மறுபடி புரட்சி, பூர்போன் அரச குடும்பம் நாட்டைவிட்டுப் போனது, புரவலர் மரி-தெரேஸும் மீண்டும் அகதி. ஷத்தோப்ரியான் புதிய மன்னருக்குச் சத்தியம் செய்ய மறுத்து மேலவைப் பதவியையும் அதோடு வந்த வருமானத்தையும் உதறினார். 1832-ல் பாரிசில் காலரா பதினெட்டாயிரம் பேருக்கு மேல் கொன்றது. அதே ஆண்டு ஜூனில் மன்னர் தரப்புச் சதியில் பங்கு உண்டு என்று சந்தேகித்துப் போலீசார் ஷத்தோப்ரியானைக் கைது செய்து இரண்டு வாரம் வைத்திருந்து விடுவித்தார்கள். வீட்டில் கடன். இந்த நிலையில் இல்லம் மூடப்படாமல் இருந்ததே பெரிய விஷயம். 1838-ல் தம்பதி எடுத்த முடிவுதான் அதைக் காப்பாற்றியது என்று நான் கருதுகிறேன்: தங்கள் வீட்டைப் பாரிஸ் பேராயர் பீடத்துக்கு விற்றுவிட்டு, இல்லத்தையும் பீடத்தின் பொறுப்பில் விட்டுவிட்டு, ரூ தியு பாக்கில் ஒரு தரைத்தள வீட்டுக்கு மாறினார்கள். தனியாள் புகழையும் தனியாள் பணத்தையும் நம்பியிருந்தது, அதோடு நிலையான ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனது.

இங்கே நம் ஊர்த் தொடர்பு ஒன்று இருக்கிறது, சொல்லாமல் போக மனமில்லை. அந்தக் கடைசி வீட்டின் சன்னல்கள் பார்த்தது பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையின் தோட்டத்தை. சபையின் முகவரி ரூ தியு பாக் 128-ஆம் எண். 1776-ல் புதுச்சேரி மறைபரப்புப் பணியை இயேசு சபையிடமிருந்து ஏற்றுக்கொண்டு, தமிழ்நாட்டுப் பங்குகளுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆள் அனுப்பிய சபை. அந்த மரங்களுக்கு அடியில் ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடந்த, குருவாகப் படித்த பையன்களில் சிலர்தான் பிறகு நம் ஊர்களில் வந்து தமிழ் கற்றுக் கோயில் கட்டியவர்கள். அவர்களில் பலர் இங்கேயே செத்து இங்கேயே புதைக்கப்பட்டார்கள்; வயதாகித் திரும்பியவர்களுக்காக அந்தச் சபை தெற்குப் பிரான்சில் மோன்பெத்தோன் என்ற ஊரில் தனி இல்லம் வைத்தது. ஆக வயதான குருவை யார் பார்த்துக்கொள்வது என்பது பாரிஸ் பீடத்துக்கு மட்டுமான கேள்வி இல்லை.

செலெஸ்த் 1847 பிப்ரவரியில் இறந்தார், தான் உருவாக்கிய இல்லத்தின் சிற்றாலயத்திலேயே அவரைப் புதைத்தார்கள். கணவர் 1848 ஜூலையில் இறந்தார். அவர் கல்லறை சேன்-மாலோவுக்கு எதிரே கடலில் கிராண் பே என்ற பாறைத் தீவில், தன்னந்தனியாக. அதைப் பல ஆண்டுக்கு முன்பே அவர் கேட்டு வாங்கிவைத்திருந்தார். ஒருவர் கடலைப் பார்த்துக்கொண்டு, இன்னொருவர் கிழவர்கள் பூசை காணும் இடத்தில்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். இந்த இல்லம் விழுந்துவிட்ட மேல்குடிக்கும் குருக்களுக்கும் உரியது, எல்லா ஏழைக்கும் திறந்த கதவு இல்லை. அதைச் செய்தவர் ஷத்தோப்ரியானின் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தார்: கான்கால் மீனவக் குடும்பத்தில் 1792-ல், அதாவது செலெஸ்த்துக்குக் கல்யாணமான அதே ஆண்டில் பிறந்த ழான் ழுய்கான். 1839 குளிர்காலத்தில் சேன்-செர்வானில், பார்வை இழந்து முடங்கிக் கிடந்த ஒரு பாட்டியைத் தன் அறைக்குக் கொண்டுவந்து தன் கட்டிலையே கொடுத்தார், அதிலிருந்து வளர்ந்ததுதான் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. கையில் கூடையோடு வீடு வீடாகப் பிச்சை எடுத்து முதியோரைக் காத்த சபை. 1856-ல் அவர்களும் பிரெத்தாஞ் பகுதியில் சேன்-பேர்ன் என்ற ஊரில் ஒரு பெரிய பண்ணைச் சொத்தை வாங்கித் தாய்மடமாக்கிக்கொண்டார்கள். சென்னை ஹாரிங்டன் சாலையில் இருக்கும் முதியோர் இல்லம் இந்தச் சபையுடையதுதான். ழான் ழுய்கானை 2009-ல் புனிதராக அறிவித்தார்கள்.

மற்ற மாளிகைகளுக்கு என்ன ஆனது என்று கேட்டால், எல்லாம் இப்படித் தப்பவில்லை. பாரிஸ் வரேன் தெருவில் இருக்கும் ஒத்தேல் பிரோனைப் பாருங்கள் (இங்கே ஒத்தேல் என்பது சாப்பாட்டுக் கடையோ விடுதியோ இல்லை, பெரிய மனிதர்களின் நகர மாளிகை). 1730 வாக்கில் பங்குச் சூதாட்டத்தில் கொழித்த ஒருவர் கட்டியது, 1820-ல் திரு இருதயக் கன்னியர் வாங்கிப் பெண்கள் பள்ளி நடத்தினார்கள். ஆடம்பரம் வேண்டாம் என்று சுவரில் இருந்த செதுக்கு மரப்பலகைகளைக்கூடக் கழற்றி விற்றார்கள். 1904-ல் துறவற சபைகள் பாடம் நடத்தக்கூடாது என்று சட்டம் வந்ததும் பள்ளி மூடியது, கன்னியர் வெளியேறினார்கள், காலி அறைகளில் ஓவியர்களும் சிற்பிகளும் வாடகைக்கு வந்தார்கள், அவர்களில் ஒருவர் ரொதேன், 1919 முதல் அது ரொதேன் அருங்காட்சியகம். ஏன் இவ்வளவு மாளிகைகள் கன்னியர் கைக்கு வந்தன என்பதும் இதிலேயே இருக்கிறது: கன்னியரின் பழைய மடங்கள் ஏலத்தில் போய்விட்டன, பிரபுக்களின் வாரிசுகளால் பெரிய வீட்டைக் கட்டிக் காக்க முடியவில்லை, மதில், தோட்டம், நிறைய அறைகள் எல்லாம் மடத்துக்குத் தேவையானவை. இருபதாம் நூற்றாண்டில் மடத்துக்கு வரும் பெண்கள் குறைந்தார்கள், இருப்பவர்கள் கிழவிகளானார்கள், ஆகவே பல மடங்கள் முதலில் தங்கள் சகோதரிகளுக்கே முதியோர் இல்லமாகி, பிறகு வெளியாருக்கும் திறந்துவிட்டன. அப்படி மாறியவற்றில் பல இன்று எபாத் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும், மருத்துவப் பராமரிப்போடு கூடிய முதியோர் இல்லங்கள்.

மரி-தெரேஸ் இல்லத்துக்கு இந்த மாற்றம் தேவைப்படவே இல்லை, அது பிறந்ததே அந்த வேலைக்கு. குருக்களுக்குச் சட்டப்படியான ஓய்வூதியப் பாதுகாப்பு பிரான்சில் வந்தது 1978 சட்டத்தால்தான், அதுவரைக்கும் இப்படிப்பட்ட வீடுகளே அவர்களின் ஓய்வூதியம். இன்று பங்குக் குருக்கள் 75 வயதில் பதவி விலகல் கடிதம் கொடுக்கவேண்டும் என்பது திருச்சபை விதி. பாரிசில் அப்படி ஓய்ந்து, தனியாக இருக்க முடியாமல் போகிறவர்களுக்கு இந்தத் தோட்டம் இருக்கிறது. மேல்குடிப் பெண்மணிகள் என்ற பிரிவு காலத்தோடு மறைந்துவிட்டது.

பார்க்க ஆசைப்பட்டால்: மெத்ரோவில் 4, 6 தடங்கள் அல்லது ஆர்.இ.ஆர். பி-யில் தான்ஃபேர்-ரோஷ்ரோவில் இறங்கவேண்டும். எல்லோரும் நிலத்தடி எலும்புக் கிடங்கான கத்தகோம்புக்கு வரிசையில் நிற்பார்கள், நீங்கள் அவென்யூவில் வடக்கே நடங்கள். அது அருங்காட்சியகம் இல்லை, படுக்கையில் இருக்கும் பெரியவர்களின் வீடு, ஆகவே கேட்காமல் உள்ளே நுழையவேண்டாம். பின்பக்கம் ரஸ்பாய் பூல்வார் 261-இல் கட்டடக் கலைஞர் ழான் நூவெல் 1994-ல் கார்த்தியே நகை நிறுவனத்தின் கலை அறக்கட்டளைக்காக எழுப்பிய கண்ணாடிக் கட்டடம் இருக்கிறது. அதன் வாசலில் ஒரு கேதுரு மரத்தைக் காப்பாற்றுவதற்கென்றே முகப்பைப் பிரித்து வடிவமைத்தார்கள். அந்த மரம் 1823-ல் ஷத்தோப்ரியான் நட்டது என்று அந்தப் பகுதியில் சொல்வார்கள்.